100 ஜிபி டிஸ்க் எப்படி 200 கேபி ஃபைலுக்குள் அடங்குகிறது?

"விஎம்முக்கு 100 ஜிபி டிஸ்க் கொடுத்தேன். சர்வரில் பார்த்தால் அந்த ஃபைல் 200 கேபிதான் இருக்கிறது. எங்கேயாவது தப்புப் பண்ணிவிட்டேனா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். தப்பே இல்லை. எனக்கு ரொம்பப் பிடித்த விஷயத்தில் கை வைத்துவிட்டார், அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன்.

அடிப்படை தெரிந்ததுதான். ஒரே சர்வருக்குள் தனித்தனிக் கணினிகள் போல ஓடுபவை விஎம்கள் (விர்ச்சுவல் மெஷின்). லினக்ஸில் கேவிஎம், கெம்யூ என்ற ரெண்டு மென்பொருள்கள் சேர்ந்து இதைப் பார்த்துக்கொள்கின்றன. உள்ளே இருப்பது தன்னிடம் நிஜமான ஹார்ட் டிஸ்க் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும், வெளியே அது வெறும் ஃபைல். எல்விஎம், ஸெட்எஃப்எஸ் என்று வேறு வழிகளும் உண்டு, இப்போதைக்கு கெம்யூவின் டிஸ்க் ஃபைல் வடிவமான கியூகவ்2 மட்டும். பெயரில் இருக்கும் 'கவ்' பசுமாடு இல்லை, 'காப்பி ஆன் ரைட்' (எழுதும்போது மட்டும் நகலெடு) என்பதன் முதலெழுத்துகள்.

கியூகவ்2 முழு டிஸ்க்கையும் 64 கேபி துண்டுகளாகப் பார்க்கிறது. எந்தத் துண்டு ஃபைலில் எங்கே கிடக்கிறது என்று சொல்ல ஒரு அட்டவணை, ஒரு வரிக்கு 8 பைட். அட்டவணையின் அளவும் ஒரு துண்டுதான், அதாவது 64 கேபி. அப்படியானால் 8192 வரிகள், வரிக்கு 64 கேபி, ஆக ஒரு அட்டவணை 512 எம்பிக்குப் பொறுப்பு. 100 ஜிபிக்கு 200 அட்டவணைகள் வேண்டும். அந்த 200 எங்கே இருக்கின்றன என்று சொல்ல மேலே இன்னொரு குட்டி அட்டவணை: 200 வரி, 1600 பைட், அவ்வளவுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த 200 அட்டவணைகளும் ஆரம்பத்தில் கிடையவே கிடையாது! மேல் அட்டவணையில் எல்லா வரியும் பூஜ்ஜியம். விஎம் போய் எதையாவது படித்தால் கெம்யூ அந்தப் பூஜ்ஜியத்தைப் பார்த்துவிட்டு, டிஸ்க்கைத் தொடாமலே "காலி" என்று பூஜ்ஜியங்களை அள்ளிக் கொடுத்துவிடும். இப்போது 70ஆவது ஜிபி தாண்டி ஒரே ஒரு பைட்டை எழுதுங்கள். மேல் அட்டவணையில் 140ஆம் வரி (பூஜ்ஜியத்திலிருந்து எண்ண வேண்டும்) காலி. உடனே ஃபைலின் கடைசியில் ஒரு புது அட்டவணை, அதையடுத்து தரவுக்கு ஒரு துண்டு. ஃபைல் 128 கேபி வளர்ந்தது. முன்னால் இருக்கும் 70 ஜிபி? ஒரு பைட் கூட இல்லை.

டிஸ்க்கின் இப்போதைய நிலையை அப்படியே பிடித்துவைக்கும் ஸ்னாப்ஷாட்டும் இதே அட்டவணையின் விளையாட்டுதான். ஒவ்வொரு துண்டையும் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று ஃபைலுக்குள் ஒரு எண்ணிக்கை இருக்கிறது. ஸ்னாப்ஷாட் எடுத்தால் மேல் அட்டவணைக்கு மட்டும் ஒரு நகல், துண்டுகளின் எண்ணிக்கை 1-லிருந்து 2 ஆகும், தரவு நகராது. அதற்கப்புறம் விஎம் ஒரு துண்டை மாற்றப் போனால், "இது ரெண்டு பேருடையது" என்று கெம்யூ பார்த்து, தனித் துண்டு ஒதுக்கி அதில் எழுதும், பழையது ஸ்னாப்ஷாட்டுக்காக அப்படியே கிடக்கும். ஆயுத பூஜைக்கு சர்வருக்குச் சந்தனம், குங்குமம் வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. "ஸ்னாப்ஷாட் இருக்கே, பேக்கப் எதுக்கு" என்பதுதான் சர்வர் அறையின் நிஜமான மூடநம்பிக்கை. ஸ்னாப்ஷாட்டும் ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்கும் ஒரே ஃபைலுக்குள் அதே துண்டுகளைப் பங்குபோட்டுக்கொண்டு இருக்கின்றன, சர்வரின் டிஸ்க் போனால் ரெண்டும் சேர்ந்தே போகும்.

சரி, வம்பு எங்கே வருகிறது? ஃபைல் சின்னதாகத்தானே இருக்கிறது என்று சர்வரில் இருப்பதைவிட அதிக இடத்தை விஎம்களுக்கு வாக்குக் கொடுத்துவிடுவோம். 1000 பேருக்குப் பத்திரிகை வைத்துவிட்டு 600 இலைக்குச் சமைப்பது போன்றது இது. பெரும்பாலும் சமாளித்துவிடலாம். நான் முன்பு வேலை பார்த்த ஒரு சின்ன அலுவலகத்தில் 1 டிபி டிஸ்க்கில் தலா 500 ஜிபி என்று மூன்று விஎம்கள் வைத்திருந்தோம், வைத்தவன் நான்தான். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி சர்வர் டிஸ்க் நிரம்பிவிட்டது. அப்படி ஆனால் எழுத முயன்ற விஎம்மை கெம்யூ அப்படியே நிறுத்திவைக்கும், மூன்றும் வரிசையாக நின்றன. சர்வரில் கிடந்த பழைய ஐஎஸ்ஓ ஃபைல்களை (இன்ஸ்டால் டிஸ்க் நகல்கள்) அழித்து அவற்றை ஓட வைத்து, உள்ளே போய்ப் பார்த்தால் பாதி டிஸ்க் காலி என்கிறது! பழைய லாக் ஃபைல்களை 80 ஜிபி அழித்தேன். வெளியே ஒரு கேபி கூடக் குறையவில்லை.

ஏனென்றால் ஃபைலை அழிப்பது என்பது விஎம் தன் சொந்தக் கணக்குப் புத்தகத்தில் "இந்த இடம் இனி காலி" என்று எழுதிக்கொள்வது மட்டும்தான், கெம்யூவுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்வதற்கென்று இருப்பது டிரிம் கட்டளை. விஎம்மின் டிஸ்க் அமைப்பில் டிஸ்கார்ட் (discard) என்பதை 'அன்மேப்' (unmap) என்று வைத்து, விஎம்மை முழுக்க அணைத்துத் திரும்ப ஏற்றி, உள்ளே அந்த டிரிம்மை அனுப்பும் எஃப்எஸ்டிரிம் (fstrim) ஓட்டினால் விட்ட துண்டுகள் சர்வருக்குத் திரும்பும். ஃபைல் பட்டியல் காட்டும் எல்எஸ் (ls) போட்டால் பழைய அளவையே காட்டித் தொலைக்கும், நிஜமாகப் பிடித்திருக்கும் இடத்தைச் சொல்லும் டியு-வில்தான் (du) குறைந்தது தெரியும். இது புரியாமல் நான் எஃப்எஸ்டிரிம்மை மூன்று தடவை ஓட்டினேன்.

கேள்வி கேட்டவருக்கு: கெம்யூ-இமேஜ் இன்ஃபோ (qemu-img info) போட்டால் விர்ச்சுவல் சைஸ் (விஎம்முக்குச் சொன்ன அளவு), டிஸ்க் சைஸ் (நிஜமாகப் பிடித்திருக்கும் இடம்) என்று ரெண்டு எண் வரும். எல்லா விஎம்களின் விர்ச்சுவல் சைஸையும் கூட்டி, சர்வர் டிஸ்க்கின் அளவோடு வைத்துப் பாருங்கள். கூட்டுத்தொகை பெரிதாக இருந்தால், இடம் 80 சதவீதம் தாண்டியதும் மெயில் வருவது போல இன்றைக்கே ஒரு ஏற்பாடு செய்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை வரை தள்ளிப் போடாதீர்கள்.