‘புலமைப்பரிசில்’ என்ற சொல்லுக்குள் எவ்வளவு பணம் இருக்கிறது? எண்ணிம மனிதப்பண்பியல் மேற்படிப்புப் பற்றி

சென்ற ஆண்டு ஒரு மாலை, வெள்ளவத்தையில் பழைய தமிழ் இதழ்களை நாங்கள் எண்ணிமப்படுத்தும் அறைக்கு ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மகள் தமிழ்ச் சிறப்புப் பட்டதாரி. டிஜிட்டல் ஹியூமானிட்டிஸ், அதாவது மொழி, வரலாறு, இலக்கியம் போன்றவற்றைக் கணினியின் துணையோடு ஆராயும் எண்ணிம மனிதப்பண்பியல் முதுமாணிப் படிப்புக்கு இங்கிலாந்தில் புலமைப்பரிசில் கிடைத்துவிட்டது என்று காலி வீதி முகவர் ஒருவர் சொல்லியிருந்தார். தாய் வளையல்களை அடகு வைப்பது பற்றி வங்கியில் விசாரித்துவிட்டே வந்திருந்தார். கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் இருந்ததோ படிப்புக் கட்டணத்தில் 20 வீதக் கழிவு மட்டுமே. எஞ்சிய 80 வீதம், வீட்டு வாடகை, விசா, விசாவோடு முன்கூட்டியே கட்டவேண்டிய சுகாதாரக் கட்டணம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கூட்டினேன். “அப்ப இது அவங்கள் காசு தாற கடிதம் இல்லையோ, தம்பி?” என்று அந்தத் தாய் கேட்டார். “இல்லை அம்மா, நீங்கள் காசு கட்டவேண்டிய கடிதம்” என்றுதான் சொல்லவேண்டியிருந்தது.

கட்டணக் கழிவு வேறு, முழுப் புலமைப்பரிசில் வேறு. முழுமையானது படிப்புக் கட்டணம், வாழ்க்கைச் செலவு, பயணம் ஆகிய மூன்றையும் ஏற்கும். பிரித்தானிய அரசின் செவனிங் அப்படிப்பட்டது. ஓராண்டு முதுமாணிக்குரியது, 2,800 மணிநேர வேலை அனுபவம் கேட்பது, முடிந்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பி இரண்டு ஆண்டுகள் இருக்கவேண்டும் என்ற நிபந்தனை உடையது. அதற்கு விண்ணப்பக் கட்டணம் கிடையாது. ஆகவே செவனிங்குக்குப் பதிவுக்கட்டணம் என்று யாரேனும் பணம் கேட்டால் கொடுக்கவேண்டாம். பொதுநலவாயப் புலமைப்பரிசில்களும் அமெரிக்காவின் புல்பிரைட்டும் இலங்கையருக்குத் திறந்திருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் இராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுமாணிப் புலமைப்பரிசில் பெறுவோரிடம் படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை; பயணம், விசா உட்பட எல்லாவற்றுக்குமாக மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதங்களுக்குத் தருகிறார்கள்.

ஜேர்மனியின் நிலை சற்றுச் சிக்கலானது. பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் பாடன் வூர்ட்டம்பேர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் பருவத்துக்கு 1,500 யூரோ கட்டவேண்டும். கட்டணம் இல்லாத இடங்களிலும் வாழ்க்கைச் செலவுக்கான பணத்தை விசாவுக்காக வங்கிக் கணக்கொன்றில் முடக்கிக் காட்டவேண்டியிருக்கும். கட்டணமின்மையைப் புலமைப்பரிசிலாக எண்ணிச் சிரமப்பட்ட இரண்டு பிள்ளைகளை நான் அறிவேன்.

இத்துறையின் பெயரை மட்டும் தேடுவதும் வாய்ப்புகளைக் குறுக்கிவிடுகிறது. தகவல் அறிவியல், நூலகவியல், வரலாறு, மொழியியல் என்ற தலைப்புகளின் கீழ் இதே வேலை நடக்கிறது. ஐரோப்பாவின் மேரி கியூரி முனைவர் வலையமைப்புகளில் மாணவர் சம்பளம் பெறும் ஊழியராகவே ஆய்வு செய்கிறார். எந்நாட்டவரும் விண்ணப்பிக்கலாம், ஆனால் வேலையில் சேருமுன் சென்ற 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல், ஆய்வு செய்யப்போகும் நாட்டில் வாழ்ந்திருக்கக்கூடாது. கொழும்பிலிருந்து போகிறவருக்கு அந்த விதி சாதகமானது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

ஆனால் நான் அதிகம் கவலைப்படுவது, ஏன் இதைப் படிக்க விரும்புகிறோம் என்று விண்ணப்பத்தோடு எழுதும் நோக்கக் கூற்றைப் பற்றித்தான். ‘எனக்குத் தொழில்நுட்பத்திலும் தமிழிலும் ஆர்வம்’ என்று தொடங்கும் கூற்றுகளை ஆண்டுதோறும் வாசிக்கிறேன். அந்தப் பெண்ணின் முதல் வரைவும் அப்படித்தான் இருந்தது. அவரை எங்கள் மேசையில் அமர்த்தி, பழைய இதழ் ஒன்றின் 10 பக்கங்களை வருடி (ஸ்கேன் செய்து), பக்கப் படத்தைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றும் எழுத்துணரி மென்பொருளில் ஓட்டச் சொன்னேன். ‘லை’, ‘னை’, ‘றா’ வருமிடங்களில் எல்லாம் மென்பொருள் தடுமாறியது. அந்தப் பக்கங்களில் ‘லை’யின் தலையில் யானைத் துதிக்கைபோல ஒரு வளைவு இருக்கிறது, தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருமுன் நடைமுறையில் இருந்த வடிவம் அது. புதிய வடிவங்களில் பழகிய மென்பொருள் அதை வேறேதோ எழுத்தாக வாசித்தது. பிழைகளை ஒவ்வொன்றாக எண்ணி, எந்த எழுத்து எதுவாக மாறியது என்று அவர் அட்டவணை செய்தார். அதற்கு மூன்று வாரம் பிடித்தது. யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய தமது இளமாணி ஆய்வேட்டை இன்னொரு கணினியில் திறந்தபோது அது ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்ததையும், அதை யூனிகோடுக்கு மாற்றப் பட்ட பாட்டையும் கூடவே எழுதினார்.

யாழ் நூலகம் 1981இல் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்பதையும், 2005 முதல் ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகத் திட்டம் ஈழத்து அச்சுப் பிரதிகளைத் தேடி இணையத்தில் ஏற்றிவருவதையும் அறிந்த நமக்கு, இந்த அட்டவணை எதற்கென்று விளக்கத் தேவையில்லை. தெரிவுக்குழுவுக்கு அதை எழுதித்தான் விளக்கவேண்டும். அதை நம் பிள்ளைகளைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் குறைவு.

செவனிங் அண்மைய ஆண்டுகளில் ஆகஸ்டில் திறந்து ஒக்டோபரில் மூடுகிறது. ஐ.ஈ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வுப் பெறுபேறு இரண்டு ஆண்டுகளுக்கே செல்லுபடியாகும் என்பதால் மிக முந்தி எழுதுவதும் வீண்செலவு. தமிழ்மூலம் படித்தவர்கள் பட்டச் சான்றிதழின் ஆங்கிலப் பிரதியையும் பெறுபேற்று விவரத்தையும் யூன் மாதத்திலேயே கேட்டு வையுங்கள். பரிந்துரைக் கடிதம் தரும் விரிவுரையாளரிடம் வெறும் படிவத்தை அனுப்பாமல், செய்த வேலையையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். அந்தப் பெண் தமது அட்டவணையைக் காட்டியபோது, அரைப் பக்கம் எழுதுவதாகச் சொல்லியிருந்த விரிவுரையாளர் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார்.