வேலூர் வீட்டை விற்றுவிட்டுச் சென்னைக்குக் கிளம்பும் முன்

ஜூன், ஜூலை வந்துவிட்டால் காட்பாடியில் இருக்கும் என் அலுவலகத்தில் உட்கார இடம் இருக்காது. வருமான வரிக் கணக்குத் தாக்கல் நேரம். பல வருடமாக என்னிடம் வருபவர்கள், கம்பெனி கொடுக்கும் சம்பள, வரிச் சான்றான ஃபார்ம் 16ஐ நீட்டுவார்கள். பார்த்தால் முகவரி மாறியிருக்கும். போன வருடம் சத்துவாச்சாரி, இந்த வருடம் மேடவாக்கம். "சென்னைக்குப் போயிட்டோம் சார். ஆனா கணக்கு உங்ககிட்டயே பண்ணிக்கிறோம்" என்பார்கள்.

கணக்கு முடிக்கக் கால் மணி நேரம் போதும். அதற்கப்புறமும் சிலர் எழுந்திருக்க மாட்டார்கள். பையை மடியில் வைத்துக்கொண்டு இன்னும் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். கிளம்பும்போதுதான் அந்தக் கேள்வி வரும். "தப்புப் பண்ணிட்டமோ சார்?"

ஆடிட்டராக வேலை பார்க்கும் இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வியை நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஒரு கணவன் மனைவி. அவர் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் 52,000 சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மா பக்கத்திலேயே தனியார் பள்ளியில் டீச்சர், 18,000. குடியிருந்தது மாமனார் கட்டிய வீடு, வாடகை இல்லை. மகள் அம்மாவின் பள்ளியிலேயே படித்ததால் ஃபீஸில் சலுகை. அவருக்குச் சென்னை ஓஎம்ஆரில் 78,000 சம்பளத்துக்கு வேலை கிடைத்தது. 26,000 கூட வருகிறதே என்று கிளம்பிவிட்டார்கள்.

ஒரு வருடம் கழித்து அந்த அம்மா ஒரு கோடு போட்ட நோட்டைக் கொண்டுவந்தார். தேதி போட்டு, ஒவ்வொரு தண்ணீர் கேனையும்கூட எழுதியிருந்தார். நான் பெரிய தொகைகளை மட்டும் தனியாக எடுத்துப் போட்டேன். வாடகை 22,000. அபார்ட்மென்ட் மெயின்டனன்ஸ் 3,000. பள்ளி ஃபீஸில் கூடியது மாதத்துக்கு 3,750. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாமியாரைப் பார்க்க வேலூர் வந்துபோக 2,500. ஆறு மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுக்க 1,32,000 ரூபாய்க்கு நகையை வைத்திருந்தார்கள், அதற்கு வட்டி 1,100. இதையெல்லாம் 78,000இல் கழித்தால் மிச்சம் 45,650. காய்கறி, பால், பெட்ரோல் எல்லாம் இதற்குள்தான். வேலூரில் இருந்தபோது இதே செலவுகளுக்குக் கையில் இருந்தது 70,000.

அவர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "உன் சம்பளத்தை நான் கணக்குலயே சேர்க்கல" என்றார், மனைவியைப் பார்த்து. என்னிடம் வரும் முக்கால்வாசிக் குடும்பங்களில் விட்டுப்போவது இதுதான். இடம் மாறும்போது அந்த அம்மாவின் வேலை போகிறது. அதைச் 'சின்னச் சம்பளம்' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். வாடகையில்லாத வீட்டில் வரும் 18,000, வாடகை வீட்டில் வரும் 40,000க்குச் சமம். இதை நான் உறுதியாகச் சொல்வேன்.

அப்புறம், சென்னை என்றால் வரியில் சலுகை அதிகம் என்ற நம்பிக்கை. பழைய வரி முறையில் வீட்டு வாடகைப் படிக்கான விலக்கை அடிப்படைச் சம்பளத்தில் சென்னைக்கு 50 சதவீதம் வரை, வேலூர் மாதிரி ஊருக்கு 40 சதவீதம் வரை கணக்கிடலாம். உண்மைதான். ஆனால் 2023-24 முதல், நாம் வேண்டாம் என்று சொன்னால் ஒழியப் புதிய முறைதான். அதில் வாடகைப் படிக்கு விலக்கே கிடையாது. அந்தக் கணவருக்குப் புதிய முறையில் வரி ஒரு ரூபாய்கூட வராது. 2025-26 முதல் சம்பளக்காரர்களுக்கு 12,75,000 வரை வரி இல்லை. ஆக, வேலூரிலிருந்தாலும் பூஜ்யம், சென்னையிலிருந்தாலும் பூஜ்யம். மாதம் 22,000 வாடகைக்கு வரியில் ஒரு பைசா திரும்பி வரவில்லை.

வாடகை அட்வான்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, இரண்டு பேரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதியவும் வேண்டும். பலர் கேட்பதேயில்லை, கேட்ட தொகையைக் கொடுத்துவிடுகிறார்கள். காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதும் வழக்கம். கையெழுத்துப் போடும் முன்பே அதைப் பேசிவிடுங்கள்.

நோட்டில் ஏறாத செலவும் உண்டு. வேலூர் வெயிலில் வளர்ந்தவர்கள், சென்னை வெயில் நம்மை என்ன செய்யும் என்று நினைப்பார்கள். நம் ஊர் வெயில் காயவைக்கும், கடற்கரைப் புழுக்கம் சட்டையை உடம்போடு ஒட்டவைக்கும். அது வேறு அவஸ்தை. கடலை ஒட்டிய தெருவில் கேட், கிரில், சைக்கிள் செயின் எல்லாம் துருப்பிடிக்கும். வீடு பார்க்கப் போகிறவர்கள் பள்ளி திறக்கும் முன் சித்திரை, வைகாசியில் போகிறார்கள். தெரு காய்ந்து கிடக்கும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தண்ணீர் எந்தப் படிவரைக்கும் வந்தது என்று தெருமுனைக் கடைக்காரரிடம் கேட்டால் கையைக் காட்டிச் சொல்வார். 2019 கோடையில் தண்ணீர் லாரிக்கு எத்தனை நாள் காத்திருந்தார்கள் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

எல்லோரும் வேலூரிலேயே இருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரி, காலேஜ், தோல், ராணிப்பேட்டை சிப்காட் இவற்றை விட்டால் இங்கே நல்ல சம்பளத்துக்கு வேலை குறைவு. சென்னைக்குப் போய் நன்றாக இருக்கிற பிள்ளைகளின் கணக்கையும் நான்தான் பார்க்கிறேன். என் பயம் வேறு. போகும்போதே திரும்பி வரும் வழியையும் அடைத்துவிட்டுப் போகிறார்கள்.

அப்படி ஒருவர், ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர். வேலூர் கொசப்பேட்டையில் அவர் அப்பா காலத்து வீடு. மகன் சென்னையில். மனைவி இறந்தபிறகு, "தனியா இன்னா பண்ணப் போற, வந்துடு" என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். 2022 ஆகஸ்டில் வீட்டை 55 லட்சத்துக்கு விற்று, மகன் வீட்டுக்குப் பக்கத்தில் 60 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட் வாங்கினார். வரிக் கணக்கு என்னிடம். பழைய சொத்து என்பதால் 2001 ஏப்ரல் மதிப்பையே வாங்கிய விலையாக எடுத்து, விற்ற லாபத்தைப் புது வீட்டில் போட்டதற்கான விலக்கு வாங்கி, சுமார் 7 லட்சம் ரூபாய் வரி வராமல் பார்த்துக்கொண்டேன். அன்று திருப்தியாக இருந்தது. ஆனால் அப்போது முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 4 சதவீதம். 60 லட்சத்துக்கு 6,60,000 பத்திரத்துக்கே போய்விட்டது. (2023இல் பதிவுக் கட்டணத்தை 2 சதவீதமாகக் குறைத்தார்கள்.)

அடுத்த வருடம் மகனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போய்விட்டார். பெரியவர் மட்டும் நான்காவது மாடியில்.

வாங்கிப் பத்து மாதம் ஆகியிருந்தபோது வந்து கேட்டார். "வித்துட்டு வந்துடட்டுமா தம்பி?" நான் விளக்க வேண்டியிருந்தது. விலக்கு வாங்கி வாங்கிய வீட்டை மூன்று வருடத்துக்குள் விற்றால், அன்றைக்கு வரி விலக்குப் பெற்ற லாபம் மறுபடி வரிக்குள் வந்துவிடும். இரண்டு வருடம்கூட ஆகாததால் குறுகிய கால லாபமாக அவருடைய பென்ஷனோடு சேர்ந்து வரி விழும். கேட்டுவிட்டு, "சரி தம்பி" என்றார். அவ்வளவுதான்.

அதற்கப்புறம் மாதம் ஒருமுறை பஸ் ஏறி வேலூர் வந்துவிடுவார். பக்கத்து ஃபிளாட்காரர்களிடம் ஆஸ்பத்திரி செக்கப் என்று சொல்லிவிட்டு வருவாராம். ஒருநாள் மதியம் கோட்டைப் பக்கம் போனபோது பார்த்தேன். அகழிக்கு எதிரே பூங்கா மர நிழலில், செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மஞ்சள் பை, அதில் நேதாஜி மார்க்கெட்டில் வாங்கிய முள்ளுக் கத்தரிக்காய். "இலவம்பாடிக் காய் தம்பி. அங்க கிடைக்கிறதில ருசியே இல்ல" என்றார். கொசப்பேட்டைக்குப் போகவில்லையா என்று கேட்டேன். வாங்கியவர்கள் வீட்டை இடித்து மூன்று மாடி கட்டிவிட்டார்கள், அந்தத் தெருப்பக்கம் போவதில்லை என்றார்.

என் கணக்கில் தப்பில்லை. ஆனால் பத்திரம் எழுதும் முன் அவரிடம் ஒரு கேள்வி நான் கேட்டிருக்க வேண்டும். "ஐயா, ஒருவேளை திரும்பி வரணும்னு தோணினா என்ன பண்ணுவீங்க?" இதைக் கேட்காமல் போனது என் மனதில் இன்றும் இருக்கிறது. இப்போது யார் வந்தாலும் வரி பேசும் முன் இதைத்தான் கேட்கிறேன்.

வேலை மாறிப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இது. முதல் ஆறு மாதம் ஒருவர் மட்டும் போய் ஹாஸ்டலிலோ மேன்ஷனிலோ தங்குங்கள். குடும்பம் இங்கேயே இருக்கட்டும். காட்பாடியிலிருந்து சென்ட்ரல் 130 கிலோமீட்டர், சீசன் டிக்கெட் 150 கிலோமீட்டர் வரை உண்டு. விடியற்காலை ஏலகிரி எக்ஸ்பிரஸில் ஏறிப் போய் ராத்திரி திரும்பி வருபவர்கள் நம்மூரில் இருக்கிறார்கள். வருடக்கணக்கில் அப்படி அலைவதை நான் ஆதரிக்க மாட்டேன், உடம்பு தாங்காது. சில மாதம் பார்க்கலாம். குடும்பத்தோடு போனாலும் இரண்டு வருடம் வாடகைக்கு இருங்கள். வேலூர் வீட்டை வாடகைக்கு விடுங்கள், விற்காதீர்கள். பள்ளி டீச்சர் வேலையை ராஜினாமா செய்வதற்குப் பதில் நீண்ட லீவ் கிடைக்குமா என்று கேளுங்கள். தனியார் பள்ளியில் கொடுக்க மாட்டார்கள் என்று நாமே முடிவு செய்ய வேண்டாம்.

அந்த ஓஎம்ஆர் தம்பதியிடம் நான் கோபப்பட்டது ஒரே ஒரு விஷயத்துக்கு. சென்னைக்குப் போய் ஐந்தே மாதத்தில் அவர்களுக்குக் கட்டுப்படியாகாது என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் பதினான்கு மாதம் இழுத்தார்கள், ஃபிக்ஸட் டெபாசிட்டை உடைத்தார்கள். ஏன் என்றால், "ஊர்ல எல்லாருக்கும் சொல்லிட்டுப் போனோம் சார், என்ன மூஞ்சிய வெச்சிக்கினு வர்றது?" சொன்னதெல்லாம் நாலு பேரிடம். அந்த நாலு பேருக்காக ஒன்பது மாதம், மாதம் 25,000 வாடகையும் மெயின்டனன்ஸும் கட்டியிருக்கிறார்கள். கூட்டிப் பார்த்தால் 2,25,000. அதை நான் தாளில் எழுதிக் காட்டினேன். அந்த அம்மா அழுதுவிட்டார்.

அவர்கள் இப்போது சத்துவாச்சாரியில்தான் இருக்கிறார்கள். பழைய பள்ளியில் இடமில்லை, வேறு பள்ளியில் 15,000க்கு அந்த அம்மா சேர்ந்திருக்கிறார். கணவர் வாரத்தில் மூன்று நாள் சென்னையில் தங்குகிறார். நகையில் பாதி மீட்டாயிற்று.

பெரியவருக்கு 2025 ஆகஸ்டோடு மூன்று வருடம் முடிந்தது. அதற்கப்புறம் ஒருநாள் ஆபீஸுக்கு வந்தார். ஃபிளாட்டை விற்க எவ்வளவு வரி வரும் என்று கேட்பார் என நினைத்து ஃபைலை எடுத்தேன். "அது அப்புறம் பார்க்கலாம் தம்பி" என்றார். இங்கே வேலூரிலேயே கொசப்பேட்டையிலோ சைதாப்பேட்டையிலோ கீழ்வீடு ஒன்று வேண்டுமாம், முன்னால் ஒரு நாற்காலி போடும் அளவுக்கு இடம் இருந்தால் போதுமாம்.

"சொந்தமா வாங்கவா ஐயா?"

"இல்ல, வாடகைக்கு. ஆறு மாசம் இருந்து பார்க்கறேன். மூணு வருஷத்துக்கு மேல ஆயிடுச்சே, எனக்கு இந்த ஊர் ஒத்துவருதான்னு பார்க்கணும் இல்ல?"