அட்டவணையில் இல்லாத விமானங்கள்

மலேசியாவின் குவாந்தான் விமான நிலையத்தை ஒட்டிய செம்பனைத் தோட்டங்களில் டிரோன் மூலம் மருந்து தெளிப்பது என் தொழில். அண்மையில் ஒரு தோட்டத்துக் கோவில் திருவிழாவில், ஓடுபாதைக்கு நேர் எதிரே அமைந்த திடலில் நின்று டிரோனை ஏற்றத் தயாராக இருந்தார் ஓர் இளைஞர். "தம்பி, இங்கே வேண்டாம்" என்றேன். கைப்பேசியை நீட்டினார். "அண்ணே, நீங்களே பாருங்கள். அடுத்த விமானம் சாயங்காலம்தான் வருகிறது. இப்போது வானத்தில் ஒன்றுமே இல்லை."

கல்யாணப் படம் எடுப்பவர்கள் இதைச் சொல்லியிருக்கிறார்கள். பள்ளி விளையாட்டுப் போட்டியை மேலிருந்து பதிவு செய்ய வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். விவரம் தெரிந்த தோட்ட நிர்வாகிகளும் சொல்லியிருக்கிறார்கள். கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

குவாந்தானின் சுல்தான் ஹாஜி அகமது ஷா விமான நிலையம் பயணிகளுக்கு மட்டுமானது அல்ல. அதே ஓடுபாதையை அரச மலேசிய ஆகாயப் படையும் பயன்படுத்துகிறது. 1995 முதல் மிக்-29 போர் விமானங்கள் பல ஆண்டுகள் இங்கேதான் நிறுத்தப்பட்டிருந்தன. அந்தச் சத்தத்தில் தொட்டில் குழந்தைகள் விழித்து அழுத காலத்தை வரிசை வீடுகளில் வாழ்ந்த நம் அம்மாக்களைக் கேட்டால் சொல்வார்கள். இவ்வளவு தெரிந்தும், டிரோனைக் கையில் எடுத்தவுடன் விமான நிலையம் என்றால் பயணிகள் விமானம் மட்டும்தான் என்று எப்படி நினைக்கத் தோன்றுகிறது?

நீங்கள் பார்க்கும் அட்டவணை டிக்கெட் விற்கும் நிறுவனங்களுடையது. ஆகாயப் படை டிக்கெட் விற்பதில்லை. அதன் பயிற்சி நேரத்தை உங்களுக்கு யாரும் அறிவிக்கப் போவதில்லை. காலையில் மழை பெய்தால் பயிற்சி மதியத்துக்குத் தள்ளிப்போகலாம். இரவிலும் நடக்கலாம். 2025 ஆகஸ்ட் 21 அன்று இந்த ஓடுபாதையில் எஃப்/ஏ-18டி ஹார்னெட் போர் விமானம் ஒன்று மேலெழும்போது விபத்துக்குள்ளாகித் தீப்பிடித்தது. அப்போது இரவு 9 மணி. உள்ளே இருந்த இருவரும் வெளியேறி உயிர் தப்பினார்கள். விபத்தின் காரணத்துக்குள் நான் போகவில்லை. அன்று இரவு அந்த விமானம் புறப்படப்போவதாக எந்தப் பயணிகள் அட்டவணையிலும் இல்லை என்பதை மட்டும் கவனியுங்கள்.

அடுத்து கைப்பேசிச் செயலி. விமானங்கள் தாமாக வெளியிடும் சமிக்ஞைகளைத் தரையில் உள்ள கருவிகள் பிடித்து அனுப்ப, அதைத்தான் செயலி வரைபடத்தில் காட்டுகிறது. இராணுவ விமானம் அந்தச் சமிக்ஞையை வெளியிடாமலேயே பறக்க முடியும். வெளியிட்டாலும் செயலி அதை மறைத்துவிடக்கூடும். தாழ்வாகப் பறந்தால் கருவிக்கு எட்டாமலும் போகலாம். ஆகவே திரையில் விமானம் தெரியவில்லை என்றால், திரையில் தெரியவில்லை என்பதுதான் பொருள். மழைக்காலத்தில் வெள்ள மீட்புக்குப் போகும் ஹெலிகாப்டர்களையும் மறந்துவிடாதீர்கள். அவை மரங்களின் தலையை உரசுவதுபோல் வரும். அட்டவணையை நம்பி டிரோன் ஏற்றுவது, அடுத்த ரயில் மாலையில்தான் என்று தண்டவாளத்தில் பாய் விரித்துப் படுப்பதற்குச் சமம். சரக்கு ரயிலுக்கு நிலையத்தின் நேரப் பலகையில் இடமில்லை. லாபுவான், சுபாங் விமான நிலையங்களிலும் இதே போன்ற கூட்டுப் பயன்பாடு உண்டு. அங்கே இருப்பவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

"சத்தம் கேட்டதும் இறக்கிவிடுவேன்" என்பது அடுத்த பதில். கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 450 கிலோமீட்டர் வேகத்தில் வரும் விமானம் நொடிக்கு 125 மீட்டர் கடக்கிறது. ஒரு கிலோமீட்டர் தொலைவில் எழும் சத்தம் உங்கள் காதுக்கு வர ஏறத்தாழ மூன்று நொடி ஆகும். அதற்குள் விமானம் 375 மீட்டர் நெருங்கிவிடும். மிச்சம் இருப்பது ஐந்து நொடி. கல்யாணப் படத்துக்குப் பயன்படும் டிரோன் வேகமானதாக இருந்தாலும் நொடிக்கு 10 மீட்டர் வரைதான் கீழே இறங்கும். 100 மீட்டரிலிருந்து தரைக்கு வர குறைந்தது 10 நொடி வேண்டும். மேளமும் ஒலிபெருக்கியும் முழங்கும் திருவிழாத் திடலில் அந்தச் சத்தம் முதலில் காதில் விழ வேண்டுமே.

"120 மீட்டர் வரை பறக்கலாம் என்று சட்டமே சொல்கிறது" என்பார்கள். சட்டத்தைப் பாதி படித்தவர்கள் தரும் தொல்லை இது. 2016ஆம் ஆண்டின் சிவில் விமானப் போக்குவரத்து விதிமுறைகள், அனுமதியின்றி 400 அடிக்கு மேல் பறக்கக்கூடாது என்கின்றன. விமான நிலையப் போக்குவரத்து வட்டத்துக்குள், அதாவது விமான நிலையத்தைச் சுற்றிக் குறிக்கப்பட்ட வான்பகுதிக்குள், அனுமதியின்றிப் பறக்கவே கூடாது என்றும் அதே விதிமுறைகள் சொல்கின்றன. அங்கே 10 மீட்டர் உயரமானாலும் அனுமதி வேண்டும். காரணம் எளிது. வழக்கமான மூன்று பாகைச் சரிவில் இறங்கும் விமானம், ஓடுபாதை முனையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தொலைவிலேயே 100 மீட்டருக்கும் கீழே வந்துவிடுகிறது. நீங்கள் பாதுகாப்பான உயரம் என்று நினைப்பது அங்கே விமானத்தின் வழி. விதியை மீறும் தனிநபருக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். கல்யாணப் படத்துக்கு வாங்கும் கூலியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

டிரோன் சிறியது என்ற சமாதானமும் வேண்டாம். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் காட்டுத்தீயை அணைத்துக்கொண்டிருந்த விமானத்தின் இறக்கையில் ஓட்டை போட்டது, 250 கிராமுக்கும் குறைவான வகையைச் சேர்ந்த ஒரு டிரோன். வீடுகள் எரிந்துகொண்டிருந்தபோது அந்த விமானம் பழுதுபார்ப்புக்காகத் தரையில் நின்றது.

தோட்ட நிர்வாகிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஓலையைத் தின்னும் பைப்புழு பரவினால் உங்கள் அவசரம் எனக்குப் புரிகிறது. ஒரு வாரம் தாமதித்தால் ஓலை எப்படிச் சல்லடையாகும் என்பதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் "மரத்துக்கு மேலே மூன்று மீட்டர்தானே பறக்கப்போகிறது" என்று என்னை நெருக்காதீர்கள். 40 லிட்டர் தொட்டி நிறைந்த டிரோன் பறக்கும் உயரத்தை அந்த மூன்று மீட்டரோடு முடித்துவிட முடியாது. கட்டுப்பாட்டுத் தொடர்பு அறுந்தால், பொதுவாக அது தானாகவே முன்பு குறித்துவைத்த உயரத்துக்கு ஏறி, நேர்கோட்டில் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பும். அந்த உயரத்தை எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று ஒப்பந்தக்காரரிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறுகிறவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். அனுமதி கேட்பவரை விட்டுவிட்டு, அனுமதி இல்லாமல் மலிவாகச் செய்கிறவரைக் கூப்பிடும் பழக்கம்தான் எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. கட்டுப்பாட்டை இழந்த அந்த எடை தொழிலாளர் லயத்தின் கூரைமீது விழுந்தால் உள்ளே இருப்பது நம் மக்கள்.

விமான நிலையத்தின் அருகே பறக்க வேண்டிய தேவை இருந்தால், மலேசியச் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் பல வாரங்களுக்கு முன்பே விண்ணப்பியுங்கள். முதல் நாள் மாலை தொலைபேசியில் கேட்டுக் கிடைக்கிற காரியம் அல்ல. நிலத்தை மேலிருந்து படம் எடுப்பதற்கு நில அளவைத் துறையான ஜூப்பெமின் அனுமதி வேறு தேவை. டிரோன் செயலி தடுக்காமல் மேலே ஏறவிட்டது என்பதை அனுமதியாகக் கொள்ளாதீர்கள். செயலியைச் செய்த நிறுவனத்துக்கு நம் வானத்தின்மீது அதிகாரம் இல்லை. அனுமதி கிடைத்தாலும் குறிப்பிட்ட நேரத்துக்குள் முடியுங்கள். கண்ணுக்கு எட்டாத தூரம் போகவேண்டாம். வானத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க இன்னொருவரைப் பக்கத்தில் நிறுத்துங்கள். சிவப்பு நிறக் 'கவாசான் லாராங்கான்' (தடைசெய்யப்பட்ட பகுதி) பலகை இருக்கும் வேலிப்பக்கம் டிரோனையோ கேமராவையோ திருப்பவே வேண்டாம். பிள்ளைகள் கையில் லேசர் விளக்கு இருந்தால், இறங்கும் விமானத்தை நோக்கி அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். விமானியின் கண் ஒரு நொடி கூசினாலும் ஆபத்துதான்.

ஆலயத் தலைவர்களுக்கும் கல்யாண வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். படம் எடுக்க வருகிறவரிடம் விலையைப் பேசுவதற்கு முன்னால் அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள். கடிதம் இல்லையென்றால் தரையில் நின்றே எடுக்கச் சொல்லுங்கள். கோபுரத்தையும் தேரையும் தரையிலிருந்தே அழகாக எடுக்கத் தெரிந்தவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். டிரோன் ஏற்கெனவே மேலே போய்விட்டதென்றால், கூட்டமாகச் சூழ்ந்து சண்டை போடாதீர்கள். பதறியவர் கையில் டிரோன் இன்னும் ஆபத்து. அமைதியாக இறக்கச் சொல்லுங்கள். மறுத்தால் 999க்கு அழைத்து, இடத்தையும் டிரோன் பறக்கும் திசையையும் சொல்லுங்கள்.