மெடல்: பதக்கமா, வில்லையா?

தங்கத்தைச் சவரன் கணக்கில் பேசுகிறோமே, அந்தச் சவரன் ‘சாவரின்’ என்ற ஆங்கிலேயப் பொன் நாணயத்தின் பெயர்தான். அதன் பின்பக்கத்தில் குதிரை மேலிருந்து பறவைநாகத்தோடு (டிராகன்) போரிடும் புனித ஜார்ஜ் உருவத்தை 1817இல் செதுக்கியவர் பெனெதெத்தோ பிஸ்த்ரூச்சி, ரோமில் பிறந்தவர். நாணயம் அடிக்கும் லண்டன் அக்கசாலையின் தலைமைச் செதுக்குநர் பதவி அயல்நாட்டவர் என்பதால் அவருக்குக் கிடைக்கவில்லை. பதிலாக 1828இல் ‘தலைமை மெடலிஸ்ட்’ ஆனார்.

மெடலிஸ்ட் என்றால் மெடல் வென்றவர் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆங்கிலத்தில் மெடல் செய்பவருக்கும் அதே பெயர்தான்.

மெடல் என்பது இத்தாலிய ‘மெதாலியா’ பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த வடிவம். வேர் ‘உலோகம்’ என்பார்கள் சிலர், ‘பாதி’ என்பார்கள் சிலர். மெதாலியா ஒரு காலத்தில் அரைத் தினாரி பெறும் சில்லறைக் காசு. அப்புறம் புழக்கத்தில் இல்லாத பழைய காசுகளுக்கும், கடைசியாக நினைவுக்கென்றே செய்த வட்டத் தகடுகளுக்கும் அந்தப் பெயர் வந்தது. இந்தக் கலையைத் தொடங்கிவைத்தவர் ஓவியர் பிசனெல்லோ. பைசாந்தியப் பேரரசர் எட்டாம் யோவான் 1438இல் இத்தாலிக்கு வந்தபோது அவரைப் பார்த்து பிசனெல்லோ ஒரு மெடல் வார்த்தார்: ஒரு பக்கம் பேரரசர் முகம், மறுபக்கம் குதிரைமேல் அவரே. அணிவதற்காகச் செய்ததல்ல அது. உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டியது.

அதனால்தான் ‘பதக்கம்’ இங்கே எனக்குப் பொருந்தவில்லை. பதக்கம் சங்கிலியில் தொங்கும் கல் பதித்த நகை. வடமொழிப் ‘பதக’த்திலிருந்து வந்த சொல். ரிப்பனில் தொங்கும் பரிசுக்கு அது சரி. கையில் ஏந்திப் பார்ப்பதற்கு ‘நினைவு வில்லை’ என்பேன். வட்டமாய்த் தட்டையாய் இருப்பதெல்லாம் தமிழில் வில்லைதான்: மாத்திரை வில்லை, சந்தன வில்லை, சேவகர் மார்பில் அணிந்த பித்தளை வில்லை. செய்பவர் ‘வில்லைச் சிற்பி’.

நெப்போலியனைத் தோற்கடித்த வாட்டர்லூ போரின் நினைவாகப் பிஸ்த்ரூச்சி செய்த வில்லையை யாராலும் கழுத்தில் மாட்டியிருக்க முடியாது. குறுக்களவே 13 சென்டிமீட்டருக்கு மேல். 1819இல் ஒப்புக்கொண்ட வேலையை 1849இல்தான் முடித்துக் கொடுத்தார். அதற்குள், அதைப் பெற வேண்டியிருந்த மன்னர்கள் எல்லோரும் இறந்துவிட்டார்கள். தளபதிகளில் வெலிங்டன் மட்டும் மிச்சம். அவ்வளவு பெரிய அச்சைக் காய்ச்சிக் கடினமாக்கினால் விரிசல் விட்டுவிடும் என்று பயந்து, அதைக் கொண்டு தங்கத்தில் ஒன்றுகூட அடிக்கவில்லை.