எவர்சில்வர் ரிவால்வரும் துருப்பிடிக்கும்

துருப்பிடிக்காத உருக்கு பிறந்ததே துப்பாக்கிக் குழலுக்காகத்தான். இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் உலோக ஆய்வாளர் ஹாரி பிரியர்லியிடம் வந்த கேள்வி, துருவைப் பற்றியதே அல்ல. சுடச்சுடக் குழலின் உட்புறம் அரித்துத் தேய்கிறதே, அதைத் தாங்குகிற உருக்கு கிடைக்குமா என்பதுதான் கேள்வி. 1913 ஆகஸ்டில் அவர் வார்த்த கலவையில் 12.8% குரோமியம் இருந்தது. அமிலத்துக்கு அது அசைந்து கொடுக்கவில்லை. ஆனால் அந்த உருக்கு முதலில் போய்ச் சேர்ந்த இடம் துப்பாக்கி அல்ல, சாப்பாட்டு மேசைக் கத்தி. கைத்துப்பாக்கிக்குத் திரும்பி வர அரை நூற்றாண்டு பிடித்தது. 1965-இல் அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம் ஐந்து தோட்டா போடும் மாடல் 60 என்ற சின்ன ரிவால்வரை முழுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்து விற்றது. சட்டைக்குள், வியர்வையோடு ஒட்டி நாள் முழுக்கக் கிடக்கும் துப்பாக்கிக்கு அது பெரிய வரம்.

வரம்தான், ஆனால் நிபந்தனையோடு. நம் வீட்டு எவர்சில்வர் டம்ளரில் காந்தத்தை வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் ஒட்டாது. அதில் சுமார் 18% குரோமியமும் 8% நிக்கலும் இருக்கும். அதே காந்தம் ரிவால்வரில் பளிச்சென்று ஒட்டும். துப்பாக்கிக்கு வேண்டியது சூடாக்கிக் குளிர்வித்துக் கடினப்படுத்தக்கூடிய உருக்கு. அதற்குப் பெரும்பாலும் 400 வரிசை உருக்கைத்தான் எடுக்கிறார்கள். குரோமியம் அதில் குறைவு, நிக்கல் அநேகமாக இல்லை. ஆகவே துருவை எதிர்ப்பதில் உங்கள் காபி டம்ளர் ரிவால்வரைவிட ஒரு படி மேல்.

இரண்டையும் காப்பது ஒரே தந்திரம். மேற்பரப்பில் உள்ள குரோமியம் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து, சில நானோமீட்டர் தடிமனில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் போட்டுக்கொள்கிறது. கீறினாலும், ஆக்சிஜன் கிடைத்தால் தானே மூடிக்கொள்ளும். காற்று புகாத இடுக்கில் உப்பும் ஈரமும் தங்கினால் அந்தப் படலம் தோற்றுப்போகும். குளோரைடு அதைத் துளைத்துவிடும். ஊறுகாய் வைத்த பாத்திரத்தின் அடியில் புள்ளி புள்ளியாகக் குழி விழுவதும் இதே காரணத்தால்தான். ரிவால்வரில் அந்த ஊறுகாய்ப் பாத்திரம் எது என்றால், கைப்பிடித் தகடுகளின் அடிப்புறம். வியர்வை உள்ளே இறங்கும், வெளியே வராது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு திருகைக் கழற்றி அங்கே பார்த்துவிடுவது நல்லது. பின்காட்சி (குறிபார்க்க உதவும் பின்பக்கத் துண்டு), விசைக்குள் இருக்கும் சுருள்வில்கள் போன்றவை பல மாடல்களில் சாதாரண உருக்குதான் என்பதையும் மறக்க வேண்டாம். துரு முதலில் தலைகாட்டுவது அவற்றில்தான்.

ஆனால் ஸ்டெயின்லெஸ் ரிவால்வரைக் கெடுப்பது பெரும்பாலும் துரு அல்ல. தவறான இடத்தில் அழுத்தித் தேய்ப்பதும், சரியான இடத்தைத் தொடாமல் விடுவதும்தான். எங்கே எந்த அழுக்கு சேர்கிறது என்று தெரிந்தால் வேலை பாதியாகிவிடும்.

1980களின் தொடக்கத்திலிருந்து புழக்கத்தில் உள்ள ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 686-ஐ எடுத்துக்கொள்வோம். ஆறு தோட்டா அறை, .357 மேக்னம் என்ற வலுவான தோட்டாவுக்கானது. மேசையில் துணி விரிப்பதற்கு முன் தோட்டாக்களைத் துப்பாக்கியிலிருந்தும், நீங்கள் உட்காரும் அறையிலிருந்தும் வெளியேற்ற வேண்டும். இடப்பக்கப் பொத்தானை முன்னால் தள்ளிச் சிலிண்டரை, அதாவது தோட்டா அறைகள் உள்ள சுழலும் உருளையை, திறந்து, குழல் வாய் மேலே பார்க்க நிமிர்த்தி, வெளியேற்றும் தண்டை ஒரே அழுத்தாக அழுத்துங்கள். விழுந்ததை எண்ணுங்கள். பிறகு ஆறு அறையையும் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பாருங்கள். இதில் அலுப்புக் காட்டுகிறவர் மற்றதைப் படிக்க வேண்டியதில்லை.

சேரும் அழுக்கு மூன்று வகை: வெடிமருந்து எரிந்த கரி, குண்டிலிருந்து வரும் ஈயம், செம்பு உறையிட்ட குண்டிலிருந்து வரும் செம்பு. கரி சாதாரண கரைப்பானில் இளகும். செம்பைக் கரைக்க அம்மோனியா கலந்த கரைப்பான் வேண்டும். ஈயத்தைக் கரைப்பானால் அநேகமாக ஒன்றும் செய்ய முடியாது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

குழலில் தொடங்கலாம். கரைப்பானில் நனைத்த துணித்துண்டை உள்ளே ஓடவிட்டு, பத்து நிமிடம் சும்மா விடுங்கள். அவசரப்பட்டு உடனே தேய்ப்பவருக்கு இரட்டை வேலை. அதன்பின் இந்தக் குழலுக்குப் பொருந்தும் .38 அளவு வெண்கல பிரஷ், பத்துப் பன்னிரண்டு தடவை. ரைஃபிளைப் போலப் பின்பக்கமிருந்து கோல் விட ரிவால்வரில் வழியில்லை, சட்டகம் குறுக்கே நிற்கும். வாய்ப்பக்கமிருந்து விட்டால், கோல் குழல் வாயின் விளிம்பில் உரசும். குண்டு கடைசியாக விட்டுப் பிரியும் இடம் அந்த விளிம்புதான். அது ஒரு பக்கமாகத் தேய்ந்தால் குறி சிதறும். ஆகவே பிளாஸ்டிக் பூசிய கோலைப் பயன்படுத்தி, அதை விரல்களால் நடுவில் பிடித்து விடுங்கள். இல்லையேல் கயிற்றில் கோத்த பிரஷ்ஷைச் சட்டகத்தின் சன்னல் வழியே பின்னிருந்து நுழைத்து முன்னால் இழுங்கள். எப்படியானாலும் பிரஷ் முழுதாக வெளியே வந்த பிறகே திசை மாற வேண்டும். நடுவழியில் திருப்பினால் மயிர்கள் மடங்கி, பிரஷ் பாழ்.

இங்கே பலரை ஏமாற்றும் ஒரு காட்சி உண்டு. அம்மோனியாக் கரைப்பானோடு வெண்கல பிரஷ் போட்டுவிட்டு வெள்ளைத் துணியை இழுத்தால், அது நீலப்பச்சையாக வரும். குழலில் செம்பு இன்னும் இருக்கிறதென்று நினைத்து மறுபடி தேய்ப்பார்கள். மறுபடியும் நீலப்பச்சை. கரைவது குழலின் செம்பு அல்ல, உங்கள் பிரஷ்ஷின் செம்பு! அம்மோனியாவுக்கு நைலான் பிரஷ் போதும். வேலை முடிந்ததும் அந்தக் கரைப்பானைத் துடைத்து எடுத்துவிட வேண்டும், இரவெல்லாம் ஊறவிடக் கூடாது.

குழலின் பின்வாயில் ஒரு கூம்பு இருக்கிறது. சிலிண்டரிலிருந்து பாயும் குண்டைக் கைபிடித்துக் குழலுக்குள் அழைத்துப் போவது அதுதான். சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளி சாதாரணமாக 0.10 முதல் 0.25 மில்லிமீட்டர், ஒன்றிரண்டு தாளின் தடிமன். அதைத் தாண்டி வரும் குண்டு கூம்பில் மோதி நேராகிறது. வெறும் ஈயக் குண்டானால் அங்கேயே கொஞ்சம் வழித்துவிட்டுப் போகும். ஈயம் 327 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும், பின்னாலிருந்து வரும் வாயுவோ அதைவிடப் பல மடங்கு சூடு. டார்ச் அடித்துப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் செதில் செதிலாகத் தெரியும். பழைய பிரஷ் ஒன்றில் செம்புக் கம்பிச் சுருளைச் சுற்றித் தேய்த்தால் அது தகடாகப் பெயர்ந்து வரும். செம்பு உருக்கைவிட மெத்து, கீறாது. ஆனால் கடையில் வாங்கும் செம்புச் சுருளைக் காந்தத்தில் சோதித்துவிட்டு வாங்குங்கள். பல சுருள்கள் செம்பு முலாம் பூசிய இரும்பு. ஒட்டினால் அதைக் கூம்புக்கு அருகே கொண்டுபோக வேண்டாம்.

இணையத்தில் ஈயத்துக்கு ஒரு குறுக்குவழி சுற்றுகிறது: வினிகரையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் கலந்து ஊறவைப்பது. ஈயம் மாயமாக மறையும் என்பது உண்மை. அது மறைந்து ஈய அசிட்டேட்டாக மாறித் தண்ணீரில் கரைந்து நிற்கிறது. உலோக ஈயம் தோல் வழியே எளிதில் உள்ளே போகாது, இந்தக் கரைசலோ உடம்பில் ஏறக்கூடிய நஞ்சு. வேண்டவே வேண்டாம்.

அடுத்து அறைகள். .357 துப்பாக்கியில் .38 ஸ்பெஷல் தோட்டாவையும் சுடலாம். விலை குறைவு, உதைப்பும் குறைவு என்பதால் பயிற்சிக்கு எல்லாரும் அதைத்தான் போடுவார்கள். .38-இன் கூடு (வெடிமருந்தை அடக்கிய உலோகக் குழாய்) சுமார் 3.4 மில்லிமீட்டர் குட்டை. அந்த மிச்ச இடத்தில் ஒவ்வொரு சூட்டுக்கும் கரியும் ஈயமும் வளையமாகப் படியும். நூறு, இருநூறு தோட்டாவுக்குப் பிறகு ஒருநாள் மேக்னம் தோட்டாவைப் போட்டால், கடைசி இரண்டு மில்லிமீட்டர் இறங்க மறுக்கும். கட்டைவிரலால் அழுத்தித் திணித்துச் சுட்டால் கூடு அறையில் கவ்விக்கொள்ளும். அதைவிட மோசம், கூட்டின் வாய் விரிந்து குண்டை விடுவிக்க வேண்டிய இடத்தை அந்த வளையம் அடைத்திருப்பதால் அழுத்தம் கூடலாம். மேக்னத்துக்கு வகுத்த உச்ச வரம்பே சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு, .38 ஸ்பெஷலுக்கு 17,000 பவுண்டு. அதில் விளையாடக் கூடாது. வளையத்தைக் கழற்ற, கரைப்பானில் கால் மணி ஊறவைத்து, ஒரு அளவு பெரிய .40 வெண்கல பிரஷ்ஷைப் பின்பக்கமிருந்து திருகியபடி செலுத்தவும். சந்தேகம் இருந்தால், சுட்ட .357 கூடு ஒன்றைப் போட்டுப் பாருங்கள், தன் எடையிலேயே ‘டக்’கென்று இறங்கி உட்கார வேண்டும்.

ரிவால்வரில் மிகச் சிறிய அழுக்கு மிகப் பெரிய தொல்லை தரும் இடம் வேறொன்று. கூடுகளை வெளியே தள்ளும் நட்சத்திர வடிவத் தட்டின் அடிப்பகுதி. எரியாத வெடிமருந்துத் துகள் ஒன்று, கடுகில் பாதிகூட இருக்காது, அதன் கீழே போய் உட்கார்ந்தால் தட்டு முழுதாகப் படியாது. சிலிண்டரின் பின்புறம் சற்றே உயர்ந்து சட்டகத்தில் உரசும். விசை கல்லாய்க் கனக்கும், அல்லது சிலிண்டர் சுற்றவே சுற்றாது. துப்பாக்கி உடைந்துவிட்டது என்று தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களில் பலருக்கு நோய் இதுதான். மருந்து ஒரு பழைய பல் துலக்கி. தண்டை அழுத்திப் பிடித்தபடி தட்டின் அடியையும், அது உட்காரும் பள்ளத்தையும் காய்ந்த பிரஷ்ஷால் துலக்குங்கள். எண்ணெய் வேண்டாம், எண்ணெய் அங்கே துகளைப் பிடித்துவைக்கும் பசைதான். வாயை நிமிர்த்திக் கூடுகளைத் தள்ளச் சொன்னதும் இதற்காகத்தான். அப்போது துகள் தட்டுக்கடியில் போகாமல் கீழே கொட்டிவிடும்.

இனி, கை வைக்கக் கூடாத இடம். சிலிண்டரின் முன்முகத்தில் ஆறு அறையைச் சுற்றியும் கருவளையம் விழும். கண்ணுக்குக் கீழே விழுவதைப் போலவே இதுவும் அழகுப் பிரச்சினை, ஆரோக்கியப் பிரச்சினை அல்ல. வெள்ளி முகத்தில் கரும்புள்ளி உறுத்துகிறதென்று மெருகுப் பசை போட்டுத் தேய்ப்பவர்கள் உண்டு. கரியோடு உருக்கும் போகும், அந்த ஒன்றிரண்டு தாள் இடைவெளி அகலமாகும், வாயு பக்கவாட்டில் கசியும். தூரிகையும் கரைப்பானும் எடுத்தது போக மிஞ்சியதை விட்டுவிடுங்கள். சிலிண்டருக்கு மேலே ஓடும் சட்டகத்தின் மேற்பட்டையின் அடியில் வாயு வெட்டிய மெல்லிய கோடு தெரிந்தாலும் பதற வேண்டியதில்லை. கொஞ்ச ஆழம் போய் அது பெரும்பாலும் நின்றுவிடும்.

உள்ளே போக வேண்டுமா? ஆண்டுக்கு ஒருமுறை போதும். வலப்புறம் முன்னால் உள்ள திருகைக் கழற்றினால் சிலிண்டரும் அதைத் தாங்கும் கீல் கையும் முன்பக்கமாக உருவி வரும். அந்தக் கையின் உருளைத் தண்டைத் துடைத்து, எண்ணெய் ஒரு சொட்டு. வெளியேற்றும் தண்டைக் கழற்றுவதானால் இரண்டு விஷயம்: அது இடமரை, வழக்கமான திசைக்கு எதிராகத் திரும்பும். திருகுவதற்கு முன் காலிக் கூடுகளை அறைகளில் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையேல் தட்டின் சின்ன ஊசிகள் முறியலாம். உள்பொறியை மூடியிருக்கும் பக்கத்தகட்டை நெம்பக் கூடாது. திருகுகளை எடுத்துவிட்டு, கைப்பிடிச் சட்டகத்தை மரப்பிடியால் மெல்லத் தட்டினால் தானே எழும்பும். திருகாணியின் வெட்டுக்குள் முழுசாகப் பொருந்தும் துப்பாக்கித் திருப்புளி இல்லையென்றால் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். வழுக்கிய திருப்புளியின் கீறல் எவர்சில்வரில் ஆயுளுக்கும் பளபளக்கும்.

எண்ணெய் விஷயத்தில் கஞ்சத்தனம் நல்லது, ஆனால் சுத்தமாக இல்லாமலும் முடியாது. ஸ்டெயின்லெஸ் மேல் ஸ்டெயின்லெஸ் உலர உரசினால், படலம் கிழிந்து இரு பரப்பும் ஒன்றையொன்று கவ்விப் பெயர்த்துக்கொள்ளும். அதனால் கீல் கைக்கு ஒன்று, தண்டுக்கு ஒன்று, குதிரையின் (பின்னால் இழுக்கும் சுத்தியலின்) அடியில் ஒன்று என மூன்று சொட்டு. அறைகள் உலர்ந்திருக்க வேண்டும். அங்கே எண்ணெய் தேங்கினால் தோட்டாவைப் பற்றவைக்கும் பிரைமருக்குள் ஊறி, தோட்டா வெடிக்காமல் போகலாம்.

வெளிப்புறத்துக்கு நனைத்துப் பிழிந்த துணியும், பிறகு எண்ணெய் தொட்ட துணியும் போதும். கீறலை மறைக்க நைலான் சிராய்ப்புப் பட்டையால் தொழிற்சாலைக் கோடு ஓடும் திசையிலேயே இழுக்கலாம். இரும்புக் கம்பி நார் மட்டும் கூடவே கூடாது. அதன் பொடி பரப்பில் புதைந்து, இரண்டு நாளில் ஆரஞ்சுப் புள்ளியாய்ப் பூக்கும், துப்பாக்கியின் மேல் பழி விழும். ஈயம் துடைக்கும் ரசாயனத் துணி ஸ்டெயின்லெஸ் மேல் பத்திரம், கருமை ஏற்றிய பின்காட்சியில் பட்டால் கருமையைத் தின்றுவிடும். தோலுறையில் வைத்து அலமாரியில் பூட்டாதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும்.

துடைத்த துணிகளைச் சாப்பிடும் இடத்தில் போடாமல், கையைச் சோப்பும் குளிர்ந்த நீரும் விட்டுக் கழுவிவிட்டு, துப்பாக்கியை எடுத்து வைப்பதற்கு முன் ஒரு சோதனை. காலித் துப்பாக்கி, பாதுகாப்பான திசை. சிலிண்டரை விரலால் லேசாகத் தடுத்தபடி குதிரையை மெல்ல மெல்லப் பின்னால் இழுங்கள். குதிரை முழுதாக நிற்பதற்கு முன்பே சிலிண்டர் ‘க்ளிக்’கென்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைக்கும் இப்படிப் பாருங்கள். ஏதாவது ஓர் அறையில் குதிரை முந்திக்கொண்டால், அந்த அறை குழலுக்கு நேராக வராமலே வெடிக்கலாம் என்று பொருள். துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித்திடம் காட்டும்வரை அதில் தோட்டா போடக் கூடாது. இந்தக் கோளாறு பெரும்பாலும் வருவது அழுக்கால் அல்ல, சினிமாவில் செய்வதுபோல் மணிக்கட்டை உதறிச் சிலிண்டரை ‘பட்’டென்று மூடி, கீல் கையை வளைப்பதாலும், காலம் போகப்போகத் தேய்வதாலும்தான்.