பச்சை லைட்டை நம்பி ஏமாறாதீர்கள்

போன வாரம் இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீஸிலிருந்து போன். செக்ரோல், அதாவது தொழிலாளரின் வருகை, சம்பளக் கணக்கு, போடும் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. "பரவாயில்ல தம்பி, பேக்கப் பெட்டி இருக்குதானே, பச்சை லைட் எரியுது" என்றார் பெரிய கிளாக்கர். ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் நெட்வொர்க் வழியாக வந்து கோப்புகளின் நகலை வைத்துவிட்டுப் போகும் பெட்டி அது. போய்த் திறந்து பார்த்தால், உள்ளே இருந்த கடைசிக் கோப்பு ஏழு மாதம் பழையது. இந்த வருடம் நான் இப்படிப் பார்க்கும் நான்காவது இடம் இது. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த லைட்டுக்கு டிஸ்க் உயிரோடு இருப்பது மட்டும்தான் தெரியும். யார் வந்தார்கள், எதைக் கொண்டுவந்து வைத்தார்கள் என்பதெல்லாம் தெரியாது. பக்கத்தில் துடிக்கும் நெட்வொர்க் லைட்டும் அப்படித்தான், கேபிள் செருகியிருந்தாலே துடிக்கும். "ரெண்டு டிஸ்க் போட்டு ரெய்ட் செஞ்சிருக்கோமே?" ஐயா, ரெய்ட் என்பது ஒரே கோப்பை இரண்டு டிஸ்கிலும் எழுதுவது, ஒரு டிஸ்க் செத்தால் காப்பாற்றும். பெட்டிக்கு வந்தே சேராத கணக்கை எங்கிருந்து எடுத்துத் தரும்? "பிழை வந்தா மெயில் வருமே?" வந்த கம்ப்யூட்டர் பாதியில் விழுந்தால் பெட்டி மெயில் அனுப்பும். வராத கம்ப்யூட்டரைப் பற்றிப் பெட்டிக்கு ஒரு புகாரும் இல்லை. கம்ப்யூட்டரில் ஒரு மூலையில் எச்சரிக்கை எட்டிப்பார்த்திருக்கும். அதை யார் வாசிக்கிறார்கள்?

தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இதை நான் விளக்கவே கூடாது. காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்களத்தில், வந்தவர்களை மட்டும் எண்ணிவிட்டா பேர் (ஒரு நாள் வேலைக் கணக்கு) போடுகிறார்கள்? முழுப் பெயர்ப்பட்டியலையும் கையில் வைத்துக்கொண்டுதானே வராதவரைக் கண்டுபிடிக்கிறார்கள்? பேக்கப்புக்கும் அதே பெரட்டுதான். ஆபீஸில் உள்ள கம்ப்யூட்டர்களை ஒரு தாளில் எழுதுங்கள். திங்கட்கிழமை காலை பெட்டியின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொன்றும் கடைசியாக வந்துபோன தேதியைப் பதிவேட்டில் பார்த்துக் குறியுங்கள். ஒரு பிளேன்டி (பால் இல்லாத தேநீர்) ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

சரி, அந்தத் தோட்டத்து ஆபீஸில் என்ன நடந்தது? ஏப்ரல் இடியில் பழைய ரவுட்டர் கருகியது. யாரோ புதிதாக ஒரு 4ஜி ரவுட்டர் வாங்கி மாட்டியிருக்கிறார்கள். அது கம்ப்யூட்டர்களுக்கு 192.168.8 என்று தொடங்கும் எண்களைக் கொடுத்தது. பெட்டியோ 192.168.1.50 என்ற பழைய எண்ணிலேயே உட்கார்ந்திருந்தது. எண்ணின் முன்பகுதி வேறானதால், ஒரே சுவிட்சில் இருந்தும் ஒன்றை ஒன்று பார்க்கவில்லை. அந்த எண்ணை மாறாதபடி கட்டிவைத்தது நான்தான், பழியில் எனக்கும் பங்கு உண்டு. இப்போது பெட்டியைத் தானாக எண் வாங்க விட்டு, கம்ப்யூட்டர்கள் அதைப் பெயரால் தேடும்படி மாற்றியிருக்கிறேன். நீங்கள் ரவுட்டரை மாற்றினால், தயவுசெய்து உங்கள் டெக்னீஷியனுக்கு ஒரு கோல் எடுங்கள்.

இன்னொன்று, எல்லாக் கம்ப்யூட்டரும் 'அட்மின்' என்ற ஒரே பெயரில் நுழைவது. பதிவேடு முழுக்க அட்மின், அட்மின். யார் வரவில்லை என்று எப்படிப் பிடிப்பது? ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனித்தனிப் பயனர் பெயர் கொடுங்கள், அதன் கோப்புறைக்கு மட்டும் அனுமதி. பேக்கப் இடத்தைக் கம்ப்யூட்டரில் எப்போதும் தெரியும் இசட் டிரைவாகத் திறந்து வைத்திருக்காதீர்கள். கம்ப்யூட்டரில் புகுந்து கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் அந்த டிரைவையும் சேர்த்தே பூட்டும். எஸ்எம்பி 1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறை இன்னும் இயங்கினால் இன்றே நிறுத்துங்கள். 2017 மே மாதம் வானக்ரை என்ற ரான்சம்வேர் பரவியது அந்தப் பழைய வழியின் ஓட்டையில்தான். வீட்டிலிருந்து பார்க்க வசதி என்று கோப்புப் பகிர்வு நடக்கும் 445ஆம் போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிட்ட புத்திசாலிகளையும் சந்தித்திருக்கிறேன்.

பேக்கப் எடுக்கும் நேரம்? ராத்திரி 2 மணி என்று வைத்திருப்பார்கள். பின்னேரம் நாலரைக்கே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகும் ஆபீஸில்! பகல் 12.30க்கு வையுங்கள், கம்ப்யூட்டருக்கு இருபது நிமிடம் தள்ளித் தள்ளி. எல்லாம் ஒரே நேரத்தில் முட்டிமோதி, கரண்ட் போய்ப் பாதியில் நின்றால் அது அரைநாள் வேலைக்குப் போடும் அரைப்பேர் மாதிரிதான், முழுக் கணக்கில் சேராது.

அந்த ஆபீஸில் இப்போது காகிதச் செக்ரோலைப் பார்த்து ஏப்ரலிலிருந்து திரும்பத் தட்டுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் பேர், கொழுந்து கிலோ, ஊழியர் சேமலாப நிதிக்குத் (ஓய்வுகாலச் சேமிப்பு) தொழிலாளியின் 8 சதவீதம், தோட்டத்தின் 12 சதவீதம். நேற்றுக் கேட்டபோது ஜூனுக்கு வந்திருந்தார்கள்.