ஆரிகனோ கற்பூரவள்ளி இல்லை

ஒரு விதைப் பொட்டலத்தில் "ஆரிகனோ என்னும் கற்பூரவள்ளி" என்று அச்சடித்திருந்ததைப் பார்த்ததும், சரி, இதை எழுதியே விடலாம் என்று தோன்றிவிட்டது. சமையல் குறிப்புகளில் படித்துப் படித்து ஏற்கெனவே காது புளித்துப் போயிருந்தது.

பீட்சாமேல் தூவுகிற மணமூலிகையான ஆரிகனோவின் பெயர் கிரேக்கச் சொல். மலை என்று பொருள்படும் 'ஓரோஸ்', பொலிவு என்று பொருள்படும் 'கானோஸ்' இரண்டும் சேர்ந்தது என்பார்கள். 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இட்ட அறிவியல் பெயர் ஒரிகானம் வல்காரே. அவ்வளவுதான்.

கற்பூரவள்ளி வேறு பேரினம். இரண்டும் புதினாக் குடும்பம்தான், இரண்டின் எண்ணெயிலும் கார்வக்ரால் என்னும் மணப்பொருள் இருப்பதால் வாசனை ஒட்டிப்போகிறது. அதனால் ஆங்கிலத்தில் கற்பூரவள்ளிக்கு 'கியூபா ஆரிகனோ' என்று ஒரு பெயர் விழுந்தது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் கியூபாவை உதிர்த்துவிட்டு மிச்சத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார்கள். வாசனை ஒத்தால் பெயரும் ஒன்றுதான் என்றால், தைம் செடியின் மணப்பொருளான தைமால் இருக்கிறது என்பதற்காக ஓமத்தைத் தைம் என்று எழுதலாமே!

இலையைக் கிள்ளிப் பார்த்தாலே போதும். கற்பூரவள்ளி இலை தடிமனாக, பூனைமயிரோடு இருக்கும், ஒடித்தால் நீர் கசியும். ஆரிகனோ இலை மெல்லியது, சிறியது. "உலர்த்திப் பொடித்துத் தூவவும்" என்ற குறிப்பை நம்பி நானும் கற்பூரவள்ளியைக் காயப்போட்டேன், ஐந்தாம் நாள் கறுத்துச் சுருங்கி, பாதி பூஞ்சை. ஆரிகனோவைப் பூக்கும் முன் அறுத்துக் காயவைத்தால் மணம் தூக்கலாக நிற்கும். நல்ல வெயில், நீர் தேங்காத மண், கொஞ்சமாக உரம் போதும், குளிரில் மேலே பட்டுப்போனாலும் வேரிலிருந்து மறுபடி துளிர்க்கிற பல்லாண்டுச் செடி அது. கற்பூரவள்ளி உறைபனி விழுந்தால் அழுகிவிடும். பெயரை நம்பி வெளியே விட்டால் செடி போச்சு.

கற்பூரவள்ளிக்கு முன்னால் ஒரு 'சீமை' ஒட்டினால் சரியாகிவிடும் என்பது இன்னொரு கட்சி. எந்தச் செடி வந்தாலும் சீமை! வள்ளி என்றால் கொடி, ஆரிகனோ கொடியும் இல்லை, அதில் கற்பூர வாசனையும் இல்லை.

தமிழில் வேண்டுமென்றால் மரு இருக்கிறது. மணம் என்றும் பொருள், செடிக்கும் பெயர். மரு, மருவு என்பது மார்ஜோரம் என்னும் மணச்செடி, ஆரிகனோவின் பேரினத்தையே சேர்ந்தது. (மருக்கொழுந்து வேறு, அதை இழுக்காதீர்கள்.) ஆகவே என் ஓட்டு 'மலைமரு'வுக்கு, கிரேக்க மலையும் கூடவே வந்துவிடுகிறது. பிடிக்கவில்லையா, ஆரிகனோ என்றே எழுதிவிட்டுப் போங்கள். கற்பூரவள்ளி என்ற பெயருக்கு ஏற்கெனவே செடி ஒன்று, வாழை ஒன்று என்று இரண்டு சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.